டூ-வே சென்டருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

ஜூலை 1 நெருங்கினால் போதும், ஐஸ் ஹாக்கி பற்றிய கேள்விகள் வந்து குவிந்துவிடும். அன்று மதியம்தான் வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீகில், ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் போகக்கூடிய ஃப்ரீ ஏஜென்ட்களின் சந்தை திறக்கிறது. இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே ரகத்து ஆட்டக்காரரைச் சுற்றியே இருந்ததால் அவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: சீசனுக்கு 45 புள்ளி (கோலும் கோலுக்கு உதவிய பாஸும் சேர்த்து) எடுக்கும், நடுவில் ஆடும் சென்டருக்கு வருஷத்துக்கு 7 மில்லியன் டாலருக்கு மேல், அதுவும் ஏழு வருஷத்துக்குக் கொடுக்கிறார்கள். 60 புள்ளி எடுக்கும், ஓரத்தில் ஆடும் விங்கருக்குக்கூட அவ்வளவு கிடைப்பதில்லை. ஏன் என்று கேட்டால், தாக்குதலும் தற்காப்பும் சேர்த்துச் செய்பவர் என்ற அர்த்தத்தில் "அவர் டூ-வே சென்டர்" என்கிறார்கள். நிஜமாகவே அந்த மதிப்பு உண்டா, இல்லை ஏஜென்ட்கள் கிளப்பிவிட்ட கதையா?

பதில்: மதிப்பும் உண்டு, கதையும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்தான் பாதி மேனேஜர்கள் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் அவருடைய வேலையைப் பார்ப்போம். விங்கருக்குப் பெரும்பாலும் தன் ஓரம்தான் பொறுப்பு. சென்டருக்கு அப்படி இல்லை. பக் (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) தன் அணியின் எல்லைக்குள் வந்துவிட்டால் அவர் மூன்றாவது டிஃபென்ஸ்மேன் மாதிரி வலைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், மூலையில் சிக்கிய பக்கைப் பிடுங்கி வெளியே அனுப்ப வேண்டும், அப்புறம் அதே மூச்சில் எதிரணி வலை வரை போய்க் கோலுக்கும் வழி பண்ண வேண்டும். இதையெல்லாம் எதிரணியின் முதல் வரிசைக்கு, அதாவது அவர்களுடைய சிறந்த சென்டர்-விங்கர் மூவருக்கு, எதிரே சீசன் முழுக்கச் செய்யக்கூடியவர்கள் குறைவு. அவர்களில் சந்தைக்கு வருபவர்கள் இன்னும் குறைவு. கட்டுப்பாடில்லாத ஃப்ரீ ஏஜென்ட் ஆக வேண்டுமென்றால் பொதுவாக 27 வயதாகியிருக்க வேண்டும், அல்லது ஏழு சீசன் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். பாட்ரிஸ் பெர்ஜரோன், அன்ஜே கோப்பிடார், அலெக்ஸாண்டர் பார்கோவ் போன்ற முதல் தர டூ-வே சென்டர்களை அவரவர் அணிகள் வெளியே விடவே இல்லை. ஆக ஜூலை 1 அன்று கிடைப்பவர்கள் பெரும்பாலும் நல்ல இரண்டாம் வரிசை சென்டர்கள்தான். ஆனால் முதல் வரிசைக்கு ஆள் இல்லாத அணிகள் போட்டி போடுவதால் முதல் வரிசை விலை ஏறிவிடுகிறது.

இரண்டு ஒப்பந்தங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் சொல்ல வேண்டியது பாதி புரிந்துவிடும்.

ஃபிலிப் டனோ 2020-21 சீசனில் மாண்ட்ரியாலுக்கு 53 ஆட்டங்களில் 5 கோல், மொத்தம் 24 புள்ளி. புள்ளிப் பட்டியலை மட்டும் பார்த்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆனால் அந்த வருஷ ப்ளே-ஆஃப் முதல் சுற்றில் டொராண்டோவின் ஆஸ்டன் மேத்யூஸ் எதிரே பெரும்பாலும் நிறுத்தப்பட்டவர் இவர்தான். சீசனில் 52 ஆட்டத்தில் 41 கோல் அடித்த மேத்யூஸ், அந்த ஏழு ஆட்டங்களில் ஒரே ஒரு கோல். அதே அணியின் மிட்ச் மார்னர் ஒன்றுகூட இல்லை. 3-1 என்று பின்தங்கியிருந்த மாண்ட்ரியால் தொடரை வென்று இறுதிச் சுற்று வரை போனது. லாஸ் ஏஞ்சலஸ் அணி டனோவை ஆறு வருஷத்துக்கு, வருஷம் 5.5 மில்லியனுக்கு எடுத்தது. அடுத்த சீசனிலேயே 27 கோல், 51 புள்ளி. மாண்ட்ரியாலில் எந்நேரமும் எதிரணியின் முதல் வரிசையைக் கட்டிக்கொண்டு அழுதவருக்கு, அந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்ளக் கோப்பிடார் என்று ஒருவர் கிடைத்ததும் கொஞ்சம் மூச்சுவிட இடம் வந்தது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

எலியஸ் லிண்ட்ஹோம் கதை தலைகீழ். 2021-22இல் கேல்கரிக்கு 42 கோல், 82 புள்ளி. சிறந்த தற்காப்பு ஃபார்வர்டுக்கான செல்கி கோப்பை வாக்கெடுப்பில் இரண்டாமிடம். யாருக்கும் நாக்கில் எச்சில் ஊறும். ஆனால் ஒரு பக்கம் 115 புள்ளி எடுத்த ஜானி கோட்ரோ, இன்னொரு பக்கம் 104 புள்ளி எடுத்த மேத்யூ கச்சக். இருவரும் அந்தக் கோடையிலேயே கேல்கரியை விட்டுப் போனார்கள். லிண்ட்ஹோமுக்கு அடுத்த சீசனில் 64 புள்ளி, அதற்கடுத்து கேல்கரி, வான்கூவர் இரண்டிலும் சேர்த்து 44. அந்த 44க்குப் பிறகுதான் 2024 ஜூலை 1 அன்று பாஸ்டன் அவருக்கு ஏழு வருஷம், வருஷத்துக்கு 7.75 மில்லியன் எழுதிக் கொடுத்தது. முதல் சீசனில் வந்தது 47 புள்ளி. அவர் மோசமான ஆட்டக்காரர் இல்லை, தற்காப்பு இன்னமும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாஸ்டன் கொடுத்த காசில் ஒரு பங்கு, கூட ஆடிய இரண்டு விங்கர்கள் சம்பாதித்துக் கொடுத்த பெயருக்கான காசு.

எனவே ஒரு சென்டரின் புள்ளியைப் பார்க்கும்போது நான் முதலில் பார்ப்பது, விங்கர்கள் மாறினால் அவருடைய எண்ணிக்கை என்ன ஆகிறது என்பதைத்தான். அவர் பனியில் இருக்கும்போது இரு அணிகளும் எடுக்கும் ஷாட்களில் தன் அணியின் பங்கு எத்தனை சதவீதம், அதுவும் நல்ல இடத்திலிருந்து எடுத்த ஷாட்களில் எத்தனை என்ற கணக்கு இப்போது எல்லோருக்கும் கிடைக்கிறது. யார் கூட ஆடினாலும் அந்தச் சதவீதம் அதிகம் ஆடாமல் நிற்கிறதா, ஆள் நிஜம். ஒரு ஜோடியோடு மட்டும் 55, மற்ற எல்லோரோடும் 47 என்றால் நீங்கள் வேறு யாரையோ வாங்கப் பார்க்கிறீர்கள்.

கேள்வி: ஃபேஸ்-ஆஃபில் (ஆட்டத்தைத் தொடங்க நடுவர் பக்கைப் போட, இருவர் மட்டையால் அதற்கு மோதுவது) 55 சதவீதம் ஜெயிக்கும் சென்டர் என்று ஒவ்வொரு ஒப்பந்தச் செய்தியிலும் எழுதுகிறார்கள். அதற்கு எவ்வளவு விலை வைக்கலாம்?

பதில்: நீங்கள் நினைப்பதைவிட ரொம்பக் குறைவு. ஒரு சென்டர் ஆட்டத்துக்கு 20 ஃபேஸ்-ஆஃப் எடுக்கிறார் என்று வையுங்கள். 50 சதவீதக்காரர் 10 ஜெயிப்பார், 55 சதவீதக்காரர் 11. வித்தியாசம் ஆட்டத்துக்கு ஒன்று, 82 ஆட்டத்துக்கு 82. அந்த 82இல் பாதிக்கு மேல் நடுப் பகுதியிலோ, ஜெயித்தும் உடனே பக்கை இழந்த இடத்திலோ போய்விடும். கோலாக மாற்றிப் பார்த்தால் சீசனுக்கு ஒன்றிரண்டு தேறும். ஒரு கூடுதல் வெற்றிக்கு ஐந்தாறு கோல் வித்தியாசம் வேண்டும் என்பதுதான் பொதுவாகப் போடும் கணக்கு, அதன்படி பார்த்தால் இதற்காகத் தனியாக ஒரு மில்லியன் ஏற்றிக் கொடுப்பது வீண்.

எந்த ஃபேஸ்-ஆஃப் என்பதைப் பாருங்கள். 2015-16 சீசனிலிருந்து இரு அணிகளின் எல்லைகளிலும் தற்காக்கும் அணிக்காரர்தான் முதலில் மட்டையைக் கீழே வைக்க வேண்டும், அதனால் தன் எல்லையில் எடுப்பவருக்கு இயல்பாகவே சின்னப் பாதகம். தன் எல்லையிலேயே நிறைய எடுத்து 51 வைத்திருப்பவர், தாக்குதல் எல்லையில் எடுத்து 54 வைத்திருப்பவருக்குக் குறைந்தவரில்லை. அப்புறம் அவர் வலக்கை ஆட்டக்காரரா இடக்கையா என்பதும் உண்டு. உங்களிடம் இருக்கும் மற்ற சென்டர்கள் எல்லோரும் இடக்கை என்றால், பனியின் வலப்பக்கத்து வட்டத்தில் எடுக்க ஒரு வலக்கைக்காரர் கிடைப்பது உபயோகம்தான்.

கேள்வி: பிளஸ்-மைனஸ்?

பதில்: விட்டுவிடுங்கள். ஒருவர் பனியில் இருக்கும்போது தன் அணி அடித்த கோலில் எதிரணி அடித்ததைக் கழித்த எண் அது. கோலியை வெளியே எடுத்த நேரத்தில் விழும் காலி வலைக் கோல்களும் அதில் சேர்கின்றன, பின்னால் நிற்கும் கோலியின் நல்ல நாளும் கெட்ட நாளும் அதில் சேர்கின்றன. தற்காப்புக்குப் பேர் போன சென்டரைப் பயிற்சியாளர் அனுப்புவதே மிகக் கஷ்டமான நேரங்களில்தான், அதற்கான தண்டனையும் அந்த எண்ணில் ஏறிக்கொள்கிறது.

கேள்வி: செல்கி கோப்பை வாங்கியவர், இறுதி மூவரில் வந்தவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கூடக் கொடுக்கலாமா?

பதில்: கண்ணைத் திறந்துகொண்டு கொடுங்கள். அது ஹாக்கி எழுத்தாளர்கள் வாக்களித்துக் கொடுக்கும் விருது, வாக்காளர்களுக்குப் பழகிய பெயர் மேல் ஒரு பாசம் உண்டு. 1978இல் தொடங்கியபோது முதல் நான்கு வருஷமும் மாண்ட்ரியாலின் பாப் கெய்னிதான் வாங்கினார். அவர் சென்டர்கூட இல்லை, இடது விங்கர். எந்த சீசனிலும் 50 புள்ளியைத் தொட்டதில்லை. இன்றைக்கு அப்படி ஒருவர் வாங்குவது நடக்காத காரியம். பவேல் டட்சுக் 2008, 2009, 2010 மூன்று முறை வாங்கியபோது முதல் இரண்டு சீசனிலும் 97 புள்ளி எடுத்தவர். பெர்ஜரோன் ஆறு முறை வாங்கினார், பார்கோவ் மூன்று முறை. தற்காப்புக்கான விருதுதான், ஆனால் புள்ளியும் நிறைய வேண்டும்.

இதில் மேனேஜருக்கு ஒரு லாபமும் இருக்கிறது. கோல் குறைந்ததால் வாக்காளர் கண்ணுக்குத் தெரியாமல் போன, ஆனால் அதே கஷ்டமான நிமிஷங்களை ஆடுகிற ஒருவர் எப்போதும் எங்காவது இருப்பார். 2021 டனோ அப்படிப்பட்டவர். விருதுப் பட்டியலில் இருப்பவருக்கு விலை ஏற்கெனவே ஏறியிருக்கும்.

கேள்வி: வருஷத் தொகை முக்கியமா, எத்தனை வருஷம் என்பது முக்கியமா?

பதில்: வருஷங்கள். சந்தேகமே வேண்டாம். தொகையில் அரை மில்லியன் கூடப் போனால் ஒரு நாலாம் வரிசை ஆட்டக்காரரை மலிவாகப் பார்த்துச் சரிக்கட்டிவிடலாம். வருஷத்தில் இரண்டு கூடப் போனால் சரிக்கட்ட வழியில்லை.

கெவின் ஹேய்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஜூனில் ஃபிலடெல்ஃபியா அவருடன் பேசும் உரிமைக்காகவே வின்னிபெகுக்கு ஐந்தாம் சுற்று டிராஃப்ட் தேர்வு (இளம் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) ஒன்றைக் கொடுத்து, பிறகு ஏழு வருஷத்துக்கு 50 மில்லியன் கொடுத்தது. உயரமானவர், பெனால்டி கில் (ஓர் ஆள் குறைவாக இருக்கும்போது தற்காப்பது) ஆடுவார், முந்தின சீசனில் 55 புள்ளி. அன்றைக்கு யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை. நாலு வருஷம் கழித்து 2023இல் சம்பளத்தில் பாதியைத் தாங்களே கட்டுகிறோம் என்று ஒப்புக்கொண்டு, ஓர் ஆறாம் சுற்றுத் தேர்வுக்கு அவரை செயின்ட் லூயிஸுக்கு அனுப்பினார்கள். கவனியுங்கள், அந்த சீசனிலும் அவர் 54 புள்ளி எடுத்திருந்தார். புள்ளி விழவில்லை, கால் வேகம்தான் போய்விட்டது, அதோடு பயிற்சியாளருக்கு அவர் மேல் இருந்த நம்பிக்கையும். இந்த ரக ஆட்டக்காரர்களிடம் முதலில் போவது பெரும்பாலும் கோல் இல்லை, திரும்பி ஓடி வருகிற அந்த முதல் மூன்று அடிதான். அதற்குத்தான் நீங்கள் கூடுதல் காசு கொடுத்திருப்பீர்கள்.

அதே ஃபிலடெல்ஃபியாவின் ஷான் குட்டூரியே விஷயத்தில் யாரையும் குறை சொல்ல முடியாது. 2020இல் செல்கி, 2021 ஆகஸ்டில் எட்டு வருஷ நீட்டிப்பு, வருஷம் 7.75 மில்லியன். பழைய ஒப்பந்தத்தின் கடைசி சீசன் முடிவதற்குள்ளேயே முதுகு அறுவை சிகிச்சை, புது ஒப்பந்தம் தொடங்கும்போது இரண்டாவது, 2022-23 முழுக்க ஆடவே இல்லை. முப்பதை ஒட்டித் தொடங்கும் எட்டு வருஷம் என்றால் இந்த ஆபத்தையும் சேர்த்தே விலை பேச வேண்டும். ஒப்பந்தத்தைக் காசு கொடுத்து முறித்துக்கொள்ளலாமே என்பீர்கள்: 26 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்கு மீதிச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கை, மீதமுள்ள வருஷங்களைப் போல இரண்டு மடங்கு காலத்துக்குக் கட்ட வேண்டும். அதிலும் ஏஜென்ட் கெட்டிக்காரராக இருந்தால் சம்பளத்தின் பெரும்பகுதியைக் கையெழுத்து போனஸாக எழுதி வைத்திருப்பார், போனஸை முறித்துக் குறைக்க முடியாது.

ஒரு சின்ன நல்ல செய்தி, புதிய தொழிலாளர் ஒப்பந்தம் 2026 செப்டம்பரில் அமலுக்கு வரும்போது ஒப்பந்தக் காலத்தின் உச்ச வரம்பு சொந்த ஆட்டக்காரருக்கு எட்டிலிருந்து ஏழு வருஷமாகவும், வெளியாளுக்கு ஏழிலிருந்து ஆறாகவும் குறைகிறது. மேனேஜர்களைத் தங்களிடமிருந்தே காப்பாற்ற ஒரு விதி தேவைப்பட்டிருக்கிறது.

கேள்வி: சாலரி கேப் (ஓர் அணி மொத்தச் சம்பளத்துக்குச் செலவழிக்கக்கூடிய உச்ச வரம்பு) இப்படி எகிறும்போது பழைய ஒப்பந்தங்களோடு ஒப்பிடுவதில் அர்த்தம் உண்டா?

பதில்: டாலரை ஒப்பிட்டால் இல்லை, சதவீதத்தை ஒப்பிட்டால் உண்டு. கேப் 2021-22இல் 81.5 மில்லியன், 2024-25இல் 88, 2025-26இல் 95.5, 2026-27க்கு 104 என்று லீகும் ஆட்டக்காரர் சங்கமும் அறிவித்தன. டனோ கையெழுத்திட்டபோது அவருடைய 5.5 மில்லியன் கேப்பில் 6.7 சதவீதம். 2022இல் வின்சென்ட் ட்ரோச்செக் நியூயார்க் ரேஞ்சர்ஸில் ஏழு வருஷத்துக்கு வாங்கிய 5.625 மில்லியன் 6.8 சதவீதம், அவர் 2023-24இல் 77 புள்ளி எடுத்தார். ஹேய்ஸ் 8.8 சதவீதம். லிண்ட்ஹோமும் 8.8. வேண்டுமென்றே நாலு பேரை மட்டும் எடுத்துக்கொண்டு சொல்கிறேன் என்று நீங்கள் சண்டைக்கு வரலாம், வாருங்கள். ஆனாலும் முதல் வரிசைக்கு ஆள் என்று சொல்ல முடியாத சென்டருக்கு ஏழு சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது என் கோடு. 104 மில்லியனில் அது கிட்டத்தட்ட 7.3 மில்லியன். நாலு வருஷத்துக்கு முன்னால் கேட்டால் தலை சுற்றியிருக்கும் தொகை, இனி அது இரண்டாம் வரிசை விலை.

கேள்வி: புள்ளிவிவரம் எனக்கு ஆகாது. ஆட்டத்தைப் பார்த்தே ஒருவர் நல்ல டூ-வே சென்டரா என்று கண்டுபிடிக்க வழி சொல்லுங்கள்.

பதில்: எனக்குப் பிடித்த கேள்வி இது. ஒரு ஷிஃப்ட் முழுக்க, அதாவது ஒரு முக்கால் நிமிஷம், பக்கைப் பார்க்காதீர்கள். அவரை மட்டும் பாருங்கள்.

பக் அவருடைய அணியின் மூலையில் இருக்கிறது என்று வையுங்கள். சுமாரான சென்டர் வேகத்தை விடாமல் அரைவட்டமாக வளைந்து பக்கைத் தாண்டிப் போவார். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அந்த வளைவு முடிவதற்குள் எதிரணிக்காரர் வலைக்கு முன்னால் வந்துவிடுவார். நல்லவர் பக்கிடம் வந்ததும் பனி தெறிக்க அப்படியே நிற்பார், நின்ற இடத்திலிருந்து திரும்பக் கிளம்புவார். மறுபடி நிற்பார். இது காலைக் கொல்லும் வேலை, ஷிஃப்ட் முடிவில் பெஞ்சுக்குப் போகும்போது முதுகு வளைந்திருக்கும். நடுநடுவே தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்க்கிறாரா என்றும் கவனியுங்கள். பின்னாலிருந்து நழுவி வருகிறவரை அவர் இரண்டு தடவை பார்த்துவைத்திருந்தால், பாஸ் வரும்போது அவருடைய மட்டை ஏற்கெனவே அந்தத் தடத்தில் கிடக்கும். தொலைக்காட்சியில் அது வெறுமனே ஒரு மோசமான பாஸ் மாதிரி தெரியும். யாரும் கைதட்டமாட்டார்கள்.

அப்புறம் கடைசி ஒன்றரை நிமிஷம். ஒரு கோல் முன்னிலை, எதிரணி கோலியை வெளியே எடுத்து ஆறாவது ஆளை இறக்கிவிட்டது, தன் எல்லையில் ஃபேஸ்-ஆஃப். பெஞ்சிலிருந்து யார் தாவுகிறார் என்று பாருங்கள். பயிற்சியாளர் பேட்டியில் யாரைப் புகழ்ந்தாலும், நிஜமான அபிப்பிராயம் அங்கேதான் தெரியும். லிண்ட்ஹோம், டனோ இருவருமே தாவுகிற ஆட்கள் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: 28 வயதுக்காரருக்கு ஏழு வருஷமா, 32 வயதுக்காரருக்கு நாலு வருஷமா? எதை எடுப்பீர்கள்?

பதில்: அணியைப் பார்க்காமல் சொல்ல முடியாது என்று நழுவலாம், நழுவவில்லை: பத்துக்கு ஏழு தடவை இரண்டாமவரை எடுப்பேன். ரயன் ஓ'ரைலி 2019இல் செயின்ட் லூயிஸோடு ஸ்டான்லி கோப்பை, ப்ளே-ஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் விருது, செல்கி மூன்றையும் ஒரே வருஷத்தில் வாங்கியவர். 2022-23 காயத்தோடு கழிந்து 53 ஆட்டத்தில் 30 புள்ளி. அந்தக் கோடையில் 32 வயதில் சந்தைக்கு வந்தபோது நாஷ்வில் நாலு வருஷத்துக்கு, வருஷம் 4.5 மில்லியனில் அவரை எடுத்தது. அன்றைய கேப்பில் 5.4 சதவீதம். முதல் சீசனில் 82 ஆட்டமும் ஆடி 69 புள்ளி. இந்த வகை சென்டருக்கு ஆட்டத்தைப் படிக்கும் திறமை 32இல் தேய்வதில்லை, வேகம் மட்டும்தான் குறையும், அதுவும் ஓ'ரைலி எந்தக் காலத்திலும் வேகத்தை நம்பி ஆடியவர் இல்லை. வேகத்தை நம்பி ஆடுகிறவருக்கு இந்தக் கணக்கைப் போட்டுவிடாதீர்கள்.

இருபத்தெட்டுக்காரரை எடுக்க வேண்டிய அணியும் உண்டு: முதல் சென்டர் இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதில் இருக்கிறார், அவர் மீதிருந்து கஷ்டமான நிமிஷங்களை நாலைந்து வருஷத்துக்கு யாராவது எடுத்துக்கொண்டால் போதும் என்ற நிலையில் இருக்கும் அணி. அங்கேகூட ஐந்து வருஷத்துக்குக் கொஞ்சம் கூடுதல் தொகை சொல்லிப் பார்ப்பேன். ஏழுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் வேறு கதவைத் தட்டுவேன்.

கேள்வி: ஒரே தொகை என்றாலும் சில ஊர்களுக்கு ஆட்டக்காரர்கள் சுலபமாகப் போகிறார்கள், ஏன்?

பதில்: ஃப்ளோரிடா, டெக்சாஸ், டென்னசி, நெவாடா, வாஷிங்டன் மாநிலங்களில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது. அங்கே 6.5 மில்லியன் சொன்னால், மாண்ட்ரியாலோ டொராண்டோவோ கையில் அதே அளவு நிற்க அதைவிடக் கணிசமாகக் கூடச் சொல்ல வேண்டியிருக்கும். வெளியூர் ஆட்டங்களின் வரி தனிக் கணக்கு என்பதால் முழு வித்தியாசமும் கைக்கு வராது. ஆனாலும் ஏஜென்ட் இந்தக் கணக்கைப் போடாமல் பேச்சுவார்த்தைக்கு உட்காரமாட்டார்.